சீன நண்பருக்கு ஆங்கிலத் தேர்வா? சொற்பட்டியலை எப்போது மூடுவது என்று சொல்லுங்கள்

சீனாவில் முதுகலைப் படிப்புக்கான நாடு தழுவிய நுழைவுத் தேர்வு டிசம்பர் கடைசியில் நடக்கிறது. காவ்யென் என்பார்கள். 2023 சேர்க்கைக்கு அதில் பதிவு செய்தவர்கள் 47 லட்சத்து 40 ஆயிரம் பேர். 2025 சேர்க்கைக்கு அந்த எண்ணிக்கை 38 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கியது. இறங்கியும் நெருக்கடி குறையவில்லை. தேர்வில் தேறுவதைக் கரையேறுவது என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள். பலரைக் கரையேற விடாமல் பிடித்து இழுப்பது முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஆங்கிலத் தாள். கூட்டுத்தொகை தாராளமாக இருந்தும், ஆங்கிலத்துக்கென்று தனியாக வகுத்த குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொடாததால் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

ஷென்ஷென், ஷாங்காய் அலுவலகங்களில் சீனர்களோடு வேலை செய்யும் தமிழர்களிடமும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்களிடமும் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: “சொல்லெல்லாம் மனப்பாடம். ஆனால் பத்தியைப் படித்தால் பிடிபடவில்லை. என்ன செய்வது?” அப்படிக் கேட்பவருக்கு நீங்கள் என்ன சொல்லலாம் என்பதற்காக எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அவருக்குச் சொல் போதாமல் இல்லை. சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் மதிப்பெண் கொட்டிப் போகிறது. சொற்பட்டியலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைச் சீக்கிரமே பழைய வினாத்தாள்களுக்கு மாற்றினால் அது நிற்கும்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

காவ்யென் ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள். ஆய்வு சார்ந்த முதுகலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் ஒன்று எழுதுகிறார்கள். தொழில்சார் முதுகலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எழுதும் ஆங்கிலம் இரண்டு 2010-இல் வந்தது. எது என்பதைச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். தொழில்சார் படிப்பு சிலவற்றுக்கும் ஆங்கிலம் ஒன்றையே கேட்கிறார்கள்.

ஆங்கிலம் ஒன்றுக்கு மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். கோடிட்ட இடங்கள் 20. ஒன்றுக்கு அரை மதிப்பெண் வீதம் மொத்தம் 10. அடுத்து நான்கு உரைப்பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண், ஆக 40. பத்திகளை வரிசைப்படுத்துவது, விடுபட்ட வாக்கியத்தைப் பொருத்துவது போன்ற பகுதிக்கு 10. அடிக்கோடிட்ட ஐந்து வாக்கியங்களைச் சீனத்தில் பெயர்க்க 10. மிச்சம் 30 இரண்டு கட்டுரைகளுக்கு. நூறில் எழுபது வாசிப்பைச் சார்ந்தே நிற்கிறது.

நண்பரிடம் இந்தக் கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். உரைப்பகுதியில் ஒரு கேள்வி சரியானால் கோடிட்ட இடம் நான்கை நிரப்பியதற்குச் சமம். கோடிட்ட இடத்துக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர் எங்கே தோற்கிறார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

5,500 சொற்கள் என்ற மலை

பாடத்திட்டம் கேட்பது சுமார் 5,500 சொற்கள். அகரவரிசையில் அடுக்கிய சொற்புத்தகத்தின் முதல் பக்கத்தில் நிற்பது ‘அபாண்டன்’, அதாவது கைவிடு. அந்தச் சொல்லோடே படிப்பைக் கைவிட்டவர்கள் ஏராளம் என்று சீன மாணவர்கள் தங்களுக்குள் கேலி செய்துகொள்வது வழக்கம். அகரவரிசையில் படிப்பது மோசமான வழி என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஒரே முகச்சாயல் உள்ள சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன.

மலை அவ்வளவு உயரமும் இல்லை. சீனப் பள்ளிகளில் 2001-லிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. பள்ளியிறுதியில் எழுதும் காவ்காவ் தேர்வுக்குச் சுமார் 3,500 சொற்கள் என்பது நடைமுறைக் கணக்கு. அதைத் தாண்டி வந்தவருக்கு உண்மையில் புதியவை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். நாளைக்கு இருபது என்றால் மூன்றரை மாதம்.

ஆபத்து அந்தப் பழைய 3,500-இல் இருக்கிறது. ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று படித்தவருக்கு, ஒரு பிரச்சினையை எதிர்கொண்டு கையாளுவதும் அதே சொல்தான் என்பது தெரியாது. ‘சாம்பியன்’ வெற்றிவீரன், கட்டுரையில் அது ஒரு கொள்கைக்காக முன்நின்று வாதாடுவது. ‘நாவல்’ புதினம், அங்கே அது புதுமையானது. ‘டிசிப்ளின்’ ஒழுக்கம், பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில் அது கல்வித்துறை. தெரியாத சொல் வந்தால் வாசகர் நிதானிக்கிறார். தெரிந்த சொல் தவறான பொருளில் வந்தால் நிதானிக்காமல் ஓடுகிறார், அடுத்த மூன்று வரியும் அவரோடு சேர்ந்து தடம் மாறுகின்றன. கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே தனி நோட்டு ஒன்று இதற்கு மட்டும். புதுச் சொல் அதில் ஏறக்கூடாது. பழகிய சொல்லின் பழகாத பொருளும், அது வந்த வாக்கியமும் மட்டுமே ஏறவேண்டும். இருநூறு பதிவு சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. சொல் பழக்கும் பாய்ட்சிஜான், ஷான்பெய் போன்றவை அங்கே கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இருக்கின்றன. இன்று நூறு சொல் முடித்தேன் என்று தினமும் பதிவிடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நினைவூட்டும் இடைவெளிகளுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட மறதி வளைகோடு. அவர் அளந்தது பொருளற்ற அசைகளை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை. பொருளோடும் வாக்கியத்தோடும் வந்த சொல் அத்தனை வேகமாக மறக்காது. செயலியைப் பேருந்தில், மதிய உணவு வரிசையில் பயன்படுத்தட்டும், அது நல்லதே. மேசையில் உட்காரும் நேரம் உரைப்பகுதிக்கு. நான்கு விடையில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதை வாசிப்பு என்று எண்ணிக்கொண்டால் செப்டம்பரில் அழவேண்டி வரும்.

இன்னொன்றையும் அவர் மனத்தில் ஏற்றுங்கள்: எல்லாச் சொல்லும் தெரிந்த நாள் வரப்போவதில்லை. 400 சொல் உள்ள உரைப்பகுதியில் நூற்றுக்கு 95 தெரிந்தாலும் இருபது சொல் தெரியாமல் நிற்கும். எழுத்து ஆங்கிலத்தில் நூற்றுக்கு 98 எட்டுவதற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் கணக்கிட்டார். தேர்வு கேட்பதோ 5,500. தெரியாத சொல்லைத் தாண்டிப் போவதும் சோதிக்கப்படும் திறமைதான்.

வாயால் சொல்லாத சொல்

ஒலியைப் பலரும் தேவையில்லாதது என்று ஒதுக்குகிறார்கள். காவ்யென் ஆங்கிலத்தில் 2005-லிருந்து கேட்டல் பகுதி இல்லை. அதனால் உச்சரிப்பு எதற்கு என்பது அவர்கள் வாதம். நான் இதில் உறுதியாக மறுபக்கம் நிற்கிறேன்.

மின் வாங், கேய்கோ கோடா, சார்ல்ஸ் பெர்ஃபெட்டி மூவரும் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலம் கற்கும் சீனர்களையும் கொரியர்களையும் ஒப்பிட்டார்கள். ஒலியெழுத்தில் வளர்ந்த கொரியர்கள் ஒரே ஒலியுள்ள சொற்களைப் பார்த்து அதிகம் தடுமாறினார்கள். சீனர்கள் ஒலியைவிட எழுத்தின் தோற்றத்தை அதிகம் நம்பினார்கள். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கண்ணால் கற்ற மூளைக்கு இது இயல்பு. ஆனால் ஆங்கிலச் சொல்லைத் தோற்றமாக மட்டும் பிடித்துவைத்தால் ‘கன்வர்சேஷன்’, ‘கன்சர்வேஷன்’ இரண்டும் நேரம் நெருக்கும் அறையில் ஒன்றாகத் தெரியும். ஒன்று உரையாடல், மற்றது இயற்கைப் பாதுகாப்பு. முதல் வரியிலேயே கட்டுரையின் பொருள் மாறிப்போகும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல். மாண்டரினில் ஓர் அசையின் முடிவில் வரக்கூடிய மெய்யொலிகள் ன், ங் இரண்டும், நாக்கை மடித்துச் சொல்லும் ர் ஒன்றும்தான். ஆங்கிலமோ காலத்தையும் பன்மையையும் சொல்லின் வாலில்தான் கட்டி வைத்திருக்கிறது. சீன வினைச்சொல் காலத்துக்காகத் தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. பெயர்ச்சொல்லும் எண்ணுக்காக மாறாது. ஆக வாயும் அந்த வாலை விழுங்குகிறது, மனமும் அதைத் தேடுவதில்லை. தினமும் ஒரு பத்தியை வாய்விட்டு, சொல்லின் கடைசி ஒலி கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். உச்சரிப்பு அழகாக வேண்டியதில்லை, வால் காதில் விழவேண்டும்.

நீண்ட வாக்கியம்: இங்கேதான் நீங்கள் உதவ முடியும்

உரைப்பகுதிகள் எக்கானமிஸ்ட், கார்டியன், நியூயார்க் டைம்ஸ், நேச்சர் போன்ற ஏடுகளிலிருந்து எடுத்துச் சுருக்கித் திருத்தப்படுகின்றன. அவற்றின் வாக்கியங்கள் நாற்பது, ஐம்பது சொல்லுக்கு ஓடும். ‘நீண்ட கடின வாக்கியம்’ என்று அதற்கென்றே சீனாவில் தனிப் பயிற்சி வகுப்புகள், தனிப் புத்தகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆசிரியர்கள் பலருக்கு இந்தக் கஷ்டம் எதனால் என்று புரிவதில்லை. ஒரு தமிழருக்குப் புரியும்.

‘போன வாரம் வெளியான அறிக்கை’ என்கிறோம். அடைமொழி முன்னே, பெயர் பின்னே. சீனமும் அப்படித்தான், அடைமொழியை எல்லாம் முன்னே வைத்து, ‘த’ என்ற ஓர் இடைச்சொல்லால் பெயரோடு கோக்கிறது. ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ‘தி ரிப்போர்ட் ரிலீஸ்டு லாஸ்ட் வீக் டிரூ ஷார்ப் கிரிட்டிசிசம்.’ சீன வாசகர் முதலில் கண்ட வினையையே பயனிலையாக எடுத்துக்கொள்கிறார்: அறிக்கை போன வாரம் வெளியிட்டது. பிறகு ‘டிரூ’ வந்து நிற்கும்போது அதை எங்கே வைப்பது என்று திகைக்கிறார். அவர் மொழியில் எச்சத்துக்கும் முற்றுக்கும் உருவ வேறுபாடு கிடையாது. நம் மொழியில் இருக்கிறது. ‘வெளியான’ வேறு, ‘வெளியானது’ வேறு. இந்த வேறுபாடு நம் காதிலேயே இருப்பதால் நம்மால் அவருக்கு எளிதாகச் சுட்டிக்காட்ட முடியும்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். நாளுக்கு ஒரே ஒரு நீண்ட வாக்கியம், பழைய வினாத்தாளிலிருந்து. முதல் வேலை, வாக்கியத்தில் உள்ள எல்லா வினைகளுக்கும் அடிக்கோடு. அவற்றில் எது முற்று என்று ஒன்றைத் தேர்ந்து வட்டமிடவேண்டும். அதற்கு எழுவாய் எது என்று பின்னோக்கித் தேடவேண்டும். எழுவாய்க்கும் முற்றுக்கும் நடுவில் உள்ளதை மெல்லிய பென்சில் கோட்டால் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படிக்கவேண்டும். ஐந்தாறு சொல்லில் வாக்கியத்தின் எலும்பு தெரியும். அதன்பிறகு அடித்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, முழுவதையும் சீனத்தில் உரக்கச் சொல்லவேண்டும். எழுதவேண்டாம், சொன்னால் போதும். எழுதினால் மழுப்பலாம், உங்கள் முன் வாயால் சொல்லும்போது எங்கே புரியவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். உங்களுக்குச் சீனம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். மொழிபெயர்ப்புப் பகுதியின் பத்து மதிப்பெண்ணுக்கும் இதுவே பயிற்சி.

சில அமைப்புகளைத் தனியே பழக்கவேண்டும். ‘ஹேட் த கவர்மென்ட் ஆக்டட் எர்லியர்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அரசு முன்பே நடவடிக்கை எடுக்கவில்லை என்று பொருள். எடுத்திருந்தால் என்ற ஏக்கம் அது. சீன வினையில் இந்த நிபந்தனைச் சாயல் உருவத்தில் தெரியாது. அரசு முன்பே செயல்பட்டது என்று நேர்மாறாகப் படித்துவிடுவார்கள். ‘ஃபியூ’ என்றால் அனேகமாக இல்லை, ‘எ ஃபியூ’ என்றால் சில உண்டு. சீனத்தில் இதுபோன்ற சுட்டிடைச்சொல் இல்லாததால் அந்த ஒற்றை எழுத்து கண்ணில் படுவதே இல்லை. ஆசிரியரின் நிலைப்பாடு என்ன என்று கேட்கும் கேள்வியின் விடை சிலசமயம் அந்த எழுத்தில் இருக்கிறது.

ஒரே ஆளுக்கு நான்கு பெயர்

ஆங்கிலப் பத்திரிகை எழுத்து ஒரே பெயரைத் திரும்பச் சொல்லக் கூச்சப்படும். முதல் வரியில் அமேசான், அடுத்து அந்த நிறுவனம், பிறகு சியாட்டில் பெருவணிகர், கடைசியில் அந்த இணைய அங்காடி. சீன எழுத்தில் பெயரை மறுபடி சொல்வது இயல்பு. தேவையில்லாத இடத்தில் சுட்டுப்பெயரையே விட்டுவிடுவார்கள். அதனால் நான்கு பெயரைப் பார்த்தால் நான்கு பேர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே ஆளைக் குறிக்கும் சொற்களை ஒரே வடிவத்தால் சுற்றச் சொல்லுங்கள். ஒருவருக்கு வட்டம், அவரை எதிர்ப்பவருக்குச் சதுரம். கட்டுரையில் எத்தனை தரப்பு, யார் யாரோடு மோதுகிறார்கள் என்பது தாளிலேயே வரைபடமாகிவிடும்.

விடைகளும் இதே வித்தையில்தான் ஒளிந்திருக்கின்றன. சரியான விடை பத்தியின் சொல்லை அப்படியே தருவது அபூர்வம். பொருளை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றும். தவறான விடைதான் பத்தியின் சொற்களைப் பளிச்சென்று திருப்பித் தரும். அதில் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டியிருப்பார்கள். உலகத்தில் உண்மையாக இருந்தும் பத்தியில் சொல்லப்படாத விடையும் உண்டு. நன்றாகப் படித்தவர்களே அதில் அதிகம் விழுகிறார்கள். தேர்வு முடிந்து சரிபார்க்கும்போது சரியான விடையைப் பார்த்துத் தலையாட்டுவதில் பயனில்லை. மற்ற மூன்று விடைகள் ஒவ்வொன்றும் எந்த வரியால் தவறாகிறது என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். ஓர் உரைப்பகுதிக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

நாள்காட்டி

மார்ச்சில் தொடங்குகிறவருக்கு ஜூன் வரை சொல்லும் நாளொரு வாக்கியமும். ஜூலையிலிருந்து பழைய வினாத்தாள். கேட்டல் பகுதி போய் இன்றைய அமைப்பு நிலைத்தது 2005-இல் என்பதால், ஆங்கிலம் ஒன்றுக்கு அந்த ஆண்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் இரண்டு எழுதுகிறவர் 2010-லிருந்து. பயிற்சி நிறுவனங்கள் தயாரிக்கும் மாதிரித் தாள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடைகளை நுணுக்கமாகப் பின்னும் கைவண்ணம் அவற்றில் அரிது. தீர்ந்துவிட்டால் உண்மையான தாளையே இரண்டாம் முறை போடலாம். கடைசி மூன்று ஆண்டுத் தாளை மட்டும் தொடாமல் வைத்து, நவம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கடிகாரத்தோடு உட்காரச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூளை மந்தமாகும் வேளை அது, அதையும் பழக்கவேண்டும். அக்டோபரில் இணையவழிப் பதிவு. படிப்பின் வேகத்தில் அதைத் தவறவிடக்கூடாது.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களில் எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புக்குப் போகிறவர்கள் ஆங்கிலம் இரண்டு எழுதுவார்கள். அவர்களுக்கு மொத்தமே 300 மதிப்பெண்; 200 பொதுத்திறன் தாளுக்கு, 100 ஆங்கிலத்துக்கு. மூன்றில் ஒரு பங்கு. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் காலையில் ஒரு மணி உரைப்பகுதிக்கு, இரவில் அரை மணி சரிபார்க்க. இருபது நிமிடம் கிடைக்கும் நாளில் ஒரே ஒரு வாக்கியம். வார இறுதியில் எட்டு மணி நேரம் சேர்த்துப் படிப்பதை நம்பக்கூடாது. அலுவலகம் எந்தச் சனிக்கிழமையையும் எடுத்துக்கொள்ளும்.

அறைக்குள்

180 நிமிடத்தில் நான்கு உரைப்பகுதிக்கு 75, கட்டுரைகளுக்கு 50, மொழிபெயர்ப்புக்கு 20, பொருத்தும் பகுதிக்கு 20, கோடிட்ட இடத்துக்குக் கடைசி 15. வினாத்தாளில் கோடிட்ட இடம்தான் முதலில் அச்சாகியிருக்கும். அதைத் தாண்டி உரைப்பகுதிக்குப் போகிற துணிச்சலை நவம்பரிலேயே பழகியிருக்கவேண்டும். கேள்விகள் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே வருவதால், முதலில் ஐந்து கேள்விகளை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திக்குள் நுழையலாம். விடைகளை அப்போது படிக்கவேண்டாம். ஒவ்வொரு உரைப்பகுதி முடிந்ததும் விடைத்தாளில் 2பி பென்சிலால் நிரப்பிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் ஒரு வரி தள்ளி நிரப்பும் ஆபத்து இருக்கிறது.

பிப்ரவரி இறுதிவாக்கில் முடிவு வரும். எழுத்துத் தேர்வில் தேறியவரைப் பல்கலைக்கழகம் வசந்தகாலத்தில் நேர்காணலுக்கு அழைக்கும். அங்கே ஆங்கிலத்தில் பேசச் சொல்வது வழக்கம். வாய்விட்டுப் படித்த அந்தப் பத்து நிமிடத்தை டிசம்பரோடு நிறுத்திவிடாமல், ஜனவரியிலும் தொடரச் சொல்லுங்கள். பத்தியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் இருந்ததை மூன்று ஆங்கில வாக்கியங்களில் உங்களிடம் சொல்லட்டும்.